கருவி புதிது, கை யாருடையது?

(கிணத்துக்கடவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை மார்க்கெட் பக்கமாக நடந்து வந்தேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பல வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரகக் கல் எடுத்திருக்கிறேன். "ஏனுங் டாக்டர், கல்லு இருந்தாத் தக்காளி திங்கப்படாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, நாங்க தக்காளி வித்துத்தானுங்க பொழைக்கறோம்?" என்றார். தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான், அதற்குப் பயந்து தக்காளியை ஒதுக்க வேண்டியதில்லை, வெயிலில் நிற்கிறவர் தண்ணீர் குடிப்பதைத்தான் நிறுத்தக்கூடாது என்றேன். அவர் விடவில்லை. "எங்க மாமனுக்குப் புராஸ்டேட்டுல கேன்சருங்க. ஒரு டாக்டர் ரோபோ வெச்சு ஆப்ரேசன் பண்ணோணுங்கறார். இன்னொருத்தர் அதெல்லாம் வேண்டாங்கறார். ரண்டு பேரும் பெரிய டாக்டருங்கதான். யாரு பேச்சைக் கேக்கறதுங்க?"

இந்த உரைக்காக நான் எழுதி வைத்திருந்த முன்னுரை அத்தோடு பயனற்றுப் போனது. அந்த வியாபாரி ஒரே வரியில் கேட்டதை நான் நாலு பக்கத்தில் சுற்றி வளைத்திருந்தேன். இரண்டு மருத்துவர்களும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள். ஒரே ஆய்வறிக்கைகள் இருவர் மேசையிலும் கிடக்கின்றன. பிறகு ஏன் ஒருவர் ஆம் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார்? ரோபோ என்ன செய்யும் என்பதைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. ரோபோவைப் பற்றி அறுவை மருத்துவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதை, அந்தக் கூட்டத்திலேயே முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் பேசுகிறேன்.

1. பெயரில் உள்ள குழப்பம்

'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவர் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக். 1920இல் அவர் எழுதிய நாடகத்தில்தான் அது வருகிறது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணைக்காரருக்குக் கூலியில்லாமல் செய்து கொடுக்கும் வெட்டி வேலை. அறுவை அரங்கிலே நிற்கும் ரோபோ அந்த மூலப்பொருளுக்கு உண்மையாகவே இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. எங்களிடம் வருகிறவர்களோ, மருத்துவர் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், இயந்திரமே அறுத்துத் தைத்து வைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நடப்பது இதுதான். வயிற்றில் எட்டு மில்லிமீட்டர் அளவில் சில துளைகள் போட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, அந்தத் துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, அவற்றை இயந்திரத்தின் கைகளில் பொருத்துவோம். மருத்துவர் சில அடி தள்ளி 'கன்சோல்' என்ற பெட்டியில் முகம் புதைத்து உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பது பத்து மடங்கு பெரிதாக, ஆழத்தோடு அவருக்குத் தெரியும். அவர் விரல் அசைவதை இயந்திரத்தின் விரல் அப்படியே செய்யும். அவர் கை நடுங்கினால் அந்த நடுக்கத்தை வடிகட்டிவிடும். துளை வழியாகக் கையால் இயக்கும் சாதாரண லேப்ராஸ்கோபிக் கருவி நீளமான குச்சி மாதிரி. இதன் நுனியிலோ மணிக்கட்டு இருக்கிறது. இடுப்பெலும்புக்கு அடியில் குறுகலான இடத்தில் தையல் போடுகிறவருக்கு அந்த மணிக்கட்டின் அருமை தெரியும்.

தானாகவே அறுக்கும் ரோபோவும் ஒரு காலத்தில் வந்தது. 1991இல் லண்டனில், யூராலஜி உலகம் மதித்த ஜான் விக்காமும் இம்பீரியல் கல்லூரியின் பொறியாளர்களும் சேர்ந்து 'புரோபாட்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். வீங்கிய புராஸ்டேட்டை முன்கூட்டிப் போட்ட திட்டப்படி அது தானே செதுக்கி எடுத்தது. அது பரவவில்லை. அமெரிக்காவில் 2000 ஜூலையில் அனுமதி பெற்ற, மருத்துவர் கன்சோலில் இருந்து இயக்கும் 'டாவின்சி' உலகமெங்கும் பரவியது. காரணங்கள் பல இருக்கலாம். எங்கள் சுபாவமும் அதில் ஒன்று என்பது என் கணிப்பு. கத்தியை வாங்கிக்கொள்கிற இயந்திரத்தை நாங்கள் விரும்பவில்லை. எங்கள் கைக்கு நீளம் கூட்டித் தருகிற இயந்திரத்துக்கு வழி விட்டோம்.

2. வடக்கயிறு பேசிய பாஷை

எங்கள் அப்பாரு இந்தப் பக்கத்துக் கருப்பராயன் தோட்டத்தில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். மாடுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இறுகும் விதத்திலேயே சால் நிறைந்து வருகிறதா, பாதி வருகிறதா, கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் இறங்கியிருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிடுவார். 1930களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர்ப் பக்கம் வந்த பிறகு கிணறு கிணறாக மோட்டார் ஏறியது. எங்கள் கிணற்றுக்கு அது ரொம்பப் பிந்தித்தான் வந்தது. அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்த்தது. அப்பாரு மட்டும் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து ஓடுகிற தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி வருது கண்ணு, ஆனாக் கெணறு என்ன சொல்லுதுன்னு தெரியலை" என்றார்.

முதல் முறை கன்சோலில் உட்கார்ந்தபோது எனக்கு அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை நான் திறந்து செய்தவன். புராஸ்டேட்டின் பின்புறம் விரலை விட்டால், கட்டி எங்கே கெட்டிப்பட்டிருக்கிறது, எந்தத் திசு வழுக்கிப் பிரியும், எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விரல் நுனி சொல்லும். கன்சோலில் கண் மட்டுமே உண்டு. பயிற்சியின்போது நான் இழுத்து முடிந்த முதல் தையல் நூல் அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. எவ்வளவு இழுக்கிறேன் என்பது கைக்குத் தெரியவில்லை. நூல் எப்படி விறைக்கிறது, திசு எப்படி வெளுக்கிறது என்று பார்த்துத்தான் இழுவையைக் கணிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற இளைஞர் சொல்லிக் கொடுத்தார். அவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்.

மூத்த மருத்துவர்கள் ரோபோவை மறுப்பதைக் கேட்கும்போது, பழமைவாதம் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். தொடு உணர்வு இல்லை என்ற குறை உண்மையானது. அதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான், 2024இல் அனுமதி பெற்ற டாவின்சி 5 இயந்திரத்தில் இழுவையைக் கைக்கு உணர்த்தும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த மறுப்புக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. இருபது வருடம் உழைத்துச் சேர்த்த கைத்திறன் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடுமோ என்ற பயம் அது. எனக்கும் இருந்தது. நான் அதற்கு 'நோயாளியின் நலன்' என்று பெயர் வைத்திருந்தேன்.

3. எதிர்த்தவர்களும் ஏற்றவர்களும்

எங்கள் துறையில் எந்தப் புதுக் கருவியும் மாலை மரியாதையோடு வந்ததில்லை. ஜெர்மனியில் குர்ட் செம் 1980இல் துளை வழியாகக் குடல்வாலை எடுத்தபோது சக மருத்துவர்களே அவரைத் தூற்றினார்கள். இந்தியாவில் தெஹெம்டன் உத்வாடியா 1972இலேயே லேப்ராஸ்கோப் வாங்கி வயிற்றுக்குள் பார்த்து நோயறியத் தொடங்கியவர். பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் அவர் லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை எடுத்தது 1990இல்தான். அதே வருடம் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமேன் அந்த வழியில் முதல் முறையாக ஒரு சிறுநீரகத்தையே வெளியே எடுத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் நம் கோவையில் மருத்துவர் சி. பழனிவேலு இந்த முறையை எவ்வளவு தூரம் கொண்டு போனார், வெளிநாட்டு மருத்துவர்கள் கோவைக்கு வந்து கற்றுப்போனார்கள் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவித்துவாரம் வழியாக வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை என்று அன்று லேப்ராஸ்கோபியைக் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். இன்று பித்தப்பைக்கு வயிற்றைத் திறக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று நோயாளியே கேட்கிறார்.

ரோபோவின் கதையில் நம்மவர் ஒருவர் மையத்தில் இருக்கிறார். திருச்சூரில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் படித்து, அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் யூராலஜித் துறைத் தலைவராக இருந்த மணி மேனன். அவர் திறந்த அறுவையில் தேர்ந்தவர், லேப்ராஸ்கோபிக்காரர் அல்லர். பாரிஸில் லேப்ராஸ்கோபி மூலம் புராஸ்டேட்டை எடுத்துப் பெயர் வாங்கியிருந்த வல்லான்சியாங், கியோனோ என்ற இருவரை 2000ஆம் ஆண்டு வாக்கில் தன் மருத்துவமனைக்கே அழைத்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தார். அந்த முறையின் கடினம் அவருக்குப் புரிந்தது. டாவின்சியின் பக்கம் திரும்பினார். தொழிலதிபர் ராஜ் வாட்டிகுட்டி கொடுத்த நன்கொடையில் எழுந்த நிலையத்தில், ரோபோ வழியாகப் புராஸ்டேட் புற்றுநோயை எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து மருத்துவர்கள் அங்கே போய்ப் படித்தார்கள்.

ரோபோவை இவ்வளவு முனைப்பாகத் தழுவியவர் லேப்ராஸ்கோபி கைவராத ஒரு திறந்த அறுவைக்காரர் என்பதைக் கவனியுங்கள். லேப்ராஸ்கோபியில் வல்லவர்களாக இருந்த என் நண்பர்கள் பலர்தான் பிறகும் ரோபோவைச் சீண்டாமல் இருந்தார்கள். "குச்சியிலேயே நான் தெச்சிருவேன், எனக்கெதுக்கு பத்துக் கோடிக்கு மணிக்கட்டு?" என்பார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம். மேனன் செய்ததும் நியாயம். ஒரு மருத்துவர் புதுக் கருவியை ஏற்பதும் மறுப்பதும், அவர் கை அதுவரை எதற்குப் பழகியிருக்கிறது என்பதிலிருந்துதான் பெரும்பாலும் கிளம்புகிறது. ஆய்வறிக்கையை நாங்கள் அதற்குப் பிறகு தேடி எடுக்கிறோம்.

4. பிரிஸ்பேன் கணக்கு

இதற்கு என்னிடம் உள்ள நல்ல சான்று, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் நடந்த ஆய்வு. 2016இல் 'லான்செட்' இதழில் வந்தது. புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் திறந்த அறுவை, மறு பாதிக்கு ரோபோ. ரத்த இழப்பு திறந்த அறுவையில் சராசரியாக 1,338 மில்லிலிட்டர், ரோபோவில் 443. மருத்துவமனையில் தங்கியது மூன்று நாளுக்கு மேல், ரோபோவில் ஒன்றரை நாள். ஆனால் நோயாளி உண்மையில் கவலைப்படுகிற இரண்டு விஷயங்கள் வேறு. சிறுநீரை அடக்க முடிகிறதா, தாம்பத்தியம் முடிகிறதா? மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு மாநாட்டில் இந்த ஆய்வைப் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் மேசையில் சண்டையே வந்தது. "பாத்தீங்களா, வித்தியாசமே இல்லை, எதுக்கு இந்தச் செலவு?" என்றார் ஒருவர். எதிரே இருந்தவர் அதே அறிக்கையின் இன்னொரு வரியைக் காட்டினார். அந்த ஆய்வில் திறந்து செய்த மருத்துவர் அதற்கு முன் 1,500க்கு மேல் செய்தவர். ரோபோவில் செய்தவர் தொடக்கத்தில் சுமார் 200 செய்தவர். "இருநூறு செஞ்சவர் ஆயிரத்தைந்நூறு செஞ்சவருக்குச் சமமா வந்துட்டாருன்னா அது ரோபோவோட வெற்றிதானே?" ஒரே தாளில் இரண்டு பேரும் தங்கள் கட்சிக்கான சாட்சியைக் கண்டெடுத்தார்கள். நான் அந்தத் தாளில் மூன்றாவது ஒன்றைப் பார்த்தேன். யார் செய்தார், அதற்கு முன் எத்தனை செய்திருந்தார் என்று அந்த ஆய்வு வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. நம் ஊரில் நோயாளிக்கு அந்த இரண்டு தகவலும் கிடைப்பதில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அறுவையிலும் கதை இதே மாதிரிதான். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு 350 பேரைச் சேர்த்தது. இரண்டு வருடம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோவில் நூற்றுக்கு 72.3, திறந்த அறுவையில் 71.6. 2022இல் வந்த பிரிட்டன் ஆய்வில் 338 பேர். முதல் 90 நாளில் வீட்டில் கழித்த நாட்கள் ரோபோவில் 82, திறந்ததில் 80. இரண்டு நாள் லாபம் லாபம்தான். அதற்கு மேல் யாராவது விளம்பரத்தில் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

துளை வழி அறுவை எப்போதும் நல்லதே என்ற எண்ணத்துக்கும் ஓர் அடி விழுந்திருக்கிறது. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோயில் திறந்து செய்தவர்களைவிடத் துளை வழியாகச் செய்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் அதிகம் என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த வருடமே அமெரிக்க அரசு இதைக் குறிப்பிட்டு ரோபோ அறுவை பற்றி எச்சரிக்கை விட்டது. ஓர் உறுப்பில் நல்லதாக இருப்பது இன்னோர் உறுப்பிலும் நல்லதாக இருக்கும் என்று நாங்கள் ஊகித்துக்கொண்டதுதான் தவறு.

கருவியே மாறாமல் வந்த பெரிய மாற்றத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1980 வரை புராஸ்டேட் புற்றுநோய் அறுவை செய்துகொண்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஆண்மை போய்விடும். தாம்பத்தியத்துக்கான நரம்புகள் எந்த வழியாகப் போகின்றன என்பது எங்களுக்குத் தெரியாது. 1981இல் அமெரிக்கர் பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் லெய்டனில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரோடு உட்கார்ந்து உடலைப் பிரித்துப் பார்த்து அந்த நரம்புகளைக் கண்டுபிடித்தார். மறு வருடம் அவற்றைக் காப்பாற்றி அறுவை செய்தார். அதே கத்தி, அதே கத்தரிக்கோல். இன்று ரோபோ பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது அவர்கள் கண்டு சொன்ன நரம்பைத்தான்.

5. கடன் வாங்கிய மோட்டார்

திரும்பவும் கிணற்றுக்கு வருகிறேன். மோட்டார் கெட்டதில்லை. ஆனால் கடன் வாங்கி மோட்டார் போட்டவர், கடனைக் கட்டத் தண்ணீர் அதிகம் கேட்கிற பயிரை வைத்தார். அந்தப் பயிருக்காகக் கிணற்றை ஆழப்படுத்தினார். பிறகு போர் போட்டார். ஆயிரம் அடியில் நின்றுகொண்டு, எதற்காக ஆரம்பித்தோம் என்று யோசித்தார். கருவிக்காக வாங்கிய கடன் பிறகு பயிரையே தீர்மானித்தது.

ஒரு டாவின்சி ரோபோவின் விலை பத்துக் கோடியைத் தாண்டிப் போகிறது. வருடாந்தரப் பராமரிப்பும் கோடியில்தான். டாவின்சியின் கருவிகளில் எண்ணுகிற சில்லு உண்டு. பலவற்றை வெகு காலம் பத்து முறைக்கு மேல் பயன்படுத்த முடியாது. 2020க்குப் பிறகு சிலவற்றுக்கு அது 12இலிருந்து 18 வரை ஆனது. இத்தனை பணத்தைப் போட்டவர் இயந்திரத்தைத் துணி மூடி வைத்திருப்பாரா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், இடம் எதுவென்று கேட்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ரோபோ வந்த ஆறாவது மாதம், துறைத்தலைவர்களை உட்கார வைத்து, மாதம் இத்தனை கேஸ் ரோபோவில் வர வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த வாரம், லேப்ராஸ்கோபியிலேயே எளிதாக முடிந்திருக்கக்கூடிய ஒரு சிறுநீரகத்தை ரோபோவில் எடுத்தேன். நோயாளி நலமாகத்தான் வீட்டுக்குப் போனார், ஆனால் கூடுதல் பில்லோடு போனார். அவருக்கு நான் செய்தது தவறு. ரோபோவை வரவேற்கிற மருத்துவர்களின் உற்சாகத்தில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு அந்தத் தாள் என்று பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் ரோபோ அறுவையை விலக்கி வைக்கக்கூடாது என்று விதி செய்தது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அந்த விதியில் இடம் இருந்தது. பாலிசி இருக்கிறது என்று போய், முழுத் தொகையும் வராமல் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசுப் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 34 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ரோபோ அறுவை மையம் திறந்ததை நான் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். சட்டமன்றத்துக்கென்று கட்டி மருத்துவமனையாக மாறிய கட்டடம் அது. தவணை கட்ட வேண்டிய நெருக்கடி இல்லாத இடத்தில் இயந்திரம் இருந்தால்தான், யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்ற கணக்கு நேர்மையாக வரும். போட்டியும் உதவும். 2021 செப்டம்பரில் ஆசிய பசிபிக் பகுதியிலேயே முதல் முறையாக மெட்ரானிக் நிறுவனத்தின் 'ஹியூகோ' ரோபோ சென்னை அப்போலோவில் ஒரு புராஸ்டேட் அறுவையில்தான் இயங்கியது. குருகிராமில் இதய அறுவை மருத்துவர் சுதிர் ஸ்ரீவாஸ்தவா உருவாக்கிய 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' என்ற இந்திய ரோபோ 2022இல் இருந்து சந்தையில் இருக்கிறது. பம்பு செட்டை உலகத்துக்கே செய்து அனுப்பிய கோவையின் பட்டறைகளில் இதற்கான பாகம் ஒன்றாவது தயாராக வேண்டும் என்பது என் ஆசை.

6. கற்றுக்கொள்கிறவர் எங்கே நிற்பது?

இதைப் பற்றி மருத்துவர்கள் வெளியில் அதிகம் பேசுவதில்லை. திறந்த அறுவையில் பயிற்சி மருத்துவர் எதிரே நிற்பார். பிடித்துக்கொள்வார், உறிஞ்சுவார், நான் கைகாட்டினால் ஒரு முடிச்சு போடுவார். என் கையும் அவர் கையும் ஒரே காயத்துக்குள் இருக்கும். அப்படித்தான் நானும் கற்றேன். கன்சோலில் ஓர் ஆள்தான் உட்கார முடியும். மாணவர் ஓரமாக நின்று திரையைப் பார்ப்பார். அமெரிக்க ஆய்வாளர் மேட் பீன் யூராலஜி அறுவை அரங்குகளில் உட்கார்ந்து இதைக் கவனித்து 2019இல் எழுதினார். ரோபோ வந்த பிறகு பயிற்சி மருத்துவர்களின் கைக்கு வேலை வெகுவாகக் குறைந்தது, நன்றாகக் கற்றவர்கள் விதிமுறைக்கு வெளியே, வீடியோவிலும் சிமுலேட்டரிலும் தாங்களாகவே கற்றவர்கள் என்றார். இரட்டைக் கன்சோல் வந்திருக்கிறது. அது எத்தனை மருத்துவமனையில் இருக்கிறது என்பது வேறு கதை.

கற்காமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு துயரம் நடந்தது. அந்த நாட்டில் முதன்முறையாக ரோபோ வழியாக இதய வால்வு சரிசெய்ய முயன்றார்கள், நோயாளி இறந்தார். 2018இல் நடந்த மரண விசாரணையில், மருத்துவர் தேவையான நேரடிப் பயிற்சி எடுக்கவில்லை என்பதும், துணைக்கு வந்த வல்லுநர்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள் என்பதும் வெளியே வந்தன. முதல் ஆளாக இருக்க வேண்டும் என்ற ஆசை எங்கள் தொழிலின் பழைய வியாதி.

நிதானமாகச் செய்தவர்களும் உண்டு. அதே மணி மேனனின் குழுவும் குருகிராம் மெதாந்தா மருத்துவமனையில் ராஜேஷ் அலாவத் குழுவும் சேர்ந்து 2013இல் ரோபோ வழியாகச் சிறுநீரக மாற்று செய்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் சூடாகிக் கெட்டுப்போகாமல் இருக்க அதைச் சுற்றிப் பொடித்த பனிக்கட்டியை வைத்துத் தைத்தார்கள். அதற்கு முன் மூன்று வருடம் திட்டமிடலிலும் ஒத்திகையிலும் போனது. புது அறுவை முறையைப் படிப்படியாகச் சோதிக்கச் சொல்லும் நெறி ஒன்று உண்டு. அதன்படி நடந்து, முதல் 50 பேருக்கு என்ன ஆனது என்று ஒருவர் விடாமல் எழுதி வெளியிட்டார்கள். கருவி புதிதாக இருக்கும்போது மருத்துவரிடம் நான் எதிர்பார்க்கும் மனப்பான்மை இதுதான். விருப்பு வெறுப்பை ஒதுக்கி, நோட்டுப் புத்தகம் போட்டு எழுதுகிற மனப்பான்மை.

7. மாமனுக்கு என்ன சொல்வது?

மார்க்கெட் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சிறுநீரகத்தில் நாலு சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால், கட்டியை மட்டும் எடுத்து மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது இன்றைய நெறி. ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் தைக்க வேண்டிய வேலை அது. அங்கே ரோபோவின் மணிக்கட்டு உண்மையாகவே உதவும். புராஸ்டேட் புற்றுநோயிலும் உதவும். கல்லுக்கு அநேகமாக வேண்டாம். வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கு, சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவியை விட்டுச் செய்யும் சிகிச்சை பெரும்பாலானவர்களுக்குப் போதும். இந்த ஊரில் யூராலஜி மருத்துவரைத் தேடிப் போகிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவர்கள்தான்.

மாமனுக்கு நான் சொன்னது இது. "ரோபோவா, கையான்னு கேக்காதீங்க. ரண்டு டாக்டர்கிட்டயும் ஒரே கேள்விகளக் கேளுங்க. இந்த ஆப்ரேசனை இந்த முறையில நீங்க எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? ஒரு வருசம் கழிச்சு அவங்க ஒண்ணுக்கை அடக்க முடியுதுங்களா? எனக்கு எதுக்கு இதுதான் வேணுங்கறீங்க? மொத்தம் எவ்வளவு ஆகும், இன்சூரன்ஸ்ல எவ்வளவு வரும்?" தன் கணக்கைக் கையில் வைத்திருக்கிற மருத்துவரிடம் போங்கள். அவர் ரோபோ வைத்திருந்தாலும் சரி, கத்தி வைத்திருந்தாலும் சரி.

இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதத்தில் ஒரு தடவை, ஒரு வருடத்தில் ஒரு தடவை அந்த நோயாளிக்குப் போன் செய்து இன்னொரு வரி எழுதுங்கள். நான் இதை நாற்பது வயதுக்கு மேல்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன் நான் செய்தவர்களில் எத்தனை பேர் நலமாக இருந்தார்கள் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் செய்தேன் என்று அப்போது யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

கடைசியாக இந்த அரங்கில் இருக்கும் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். வலியே இல்லாமல் சிறுநீரில் ஒரு தடவை ரத்தம் போனாலும், சூடு என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அது தானாக நின்றுபோகும், நின்றதாலேயே மறந்தும் போகும். ஆறு மாதம் கழித்து வருகிறவருக்கு எந்த இயந்திரத்தாலும் அந்த ஆறு மாதத்தைத் திருப்பித் தர முடியாது. அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.